கனவு எலக்ட்ரிக் கிதாரை நீங்களே வடிவமைக்க: மரவாடியிலிருந்து முதல் மாத செட்டப் வரை

என் முதல் கஸ்டம் கிதார் 4.6 கிலோ எடை. பழைய வீட்டு உத்தரத் தேக்கில் செய்த பாடி, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் மரத்துப்போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஐப்பசி மழையில் செய்த நெக் (விரல் ஓடும் நீண்ட கழுத்து), மாசி மாதம் ஏ.சி. அறைக்குள் வந்ததும் குறுக்கே சுருங்கிவிட்டது. ஃப்ரெட்களின், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின், முனைகள் மரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, கை மேலும் கீழும் போகும்போதெல்லாம் விரலடியைக் கீறின.

செய்தவர் நல்ல கைகாரர். நான்தான் அவரிடம் மரத்தின் பெயர், நிறம், பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பிராண்டு என்று மூன்றை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எடை எவ்வளவு இருக்க வேண்டும், நெக் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்ற பேச்சே எங்களுக்குள் வரவில்லை. இரண்டாவது கிதாருக்கு வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் கை, அப்புறம் நெக், அப்புறம் பிரிட்ஜும் பிக்கப்பும், அதன் பிறகுதான் மரம், எல்லாம் முடிந்தபின் நிறம். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

என்ன வாசிக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். அதிகம் வாசிப்பது எந்த மாதிரி இசை, உட்கார்ந்தா நின்றா, இப்போது கையில் இருக்கும் கிதாரில் எது உங்களைத் தடுக்கிறது. மூன்றாவது வரிதான் முக்கியம். அதற்குப் பதில் இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பொறுப்பது நல்லது.

எனக்கு அந்த வரி தெளிவாக இருந்தது. பாதி நேரம் ப்ளூஸும் சினிமாப் பாட்டும், மீதி நேரம் ராகம். கமகம் பிடிக்கும்போது தந்தியை இழுக்க இழுக்கப் பாதியில் சத்தம் செத்துப்போகும், அல்லது முதல் தந்தி விளிம்பிலிருந்து வழுக்கி வெளியே விழும். எலக்ட்ரிக் வாத்தியத்தில் கமகம் வராது என்பதற்கில்லை. யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் வாசித்துக் காட்டினார், ஆர். பிரசன்னா கிதாரில் வாசிக்கிறார். சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், தந்தியை இழுப்பதற்காகவே ஃப்ரெட்களுக்கு இடையே மரத்தைக் குழித்த கிதாரைப் பயன்படுத்தினார். வாத்தியத்தை அதற்கேற்ற மாதிரி செய்தால் வரும். ஆகவே கீழே சொல்லும் முடிவுகளில் பல கமகத்தை மனதில் வைத்து எடுத்தவை. உங்கள் தேவை மெட்டல் ரிதம் என்றால் சில முடிவுகள் மாறும், ஆனால் யோசிக்கும் முறை அதேதான்.

ஸ்கேல் நீளம்

நெக்கின் தலைமாட்டில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து, பாடியில் தந்தி உட்காரும் பிரிட்ஜ் சேடில் வரை தந்தி அதிரும் நீளம் இது. ஃபெண்டர் கிதார்களில் 648 மில்லிமீட்டர், அதாவது 25.5 அங்குலம். கிப்சனில் பொதுவாக 24.75 அங்குலம் என்று சொல்வார்கள், ஏறக்குறைய 628 மில்லிமீட்டர். பி.ஆர்.எஸ். இரண்டுக்கும் நடுவே 25 அங்குலம், 635 மில்லிமீட்டர்.

ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 10–46 தந்தி செட் (அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 46 பங்கு தடிமன்) 648-இல் மொத்தம் 47 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கிறது. 628-க்கு வந்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறையும். சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரு வர்ணம் முழுக்க வாசித்துவிட்டு விரலைக் கேட்டால் சொல்லும். ஆனால் ரொம்பக் குறைத்தால் அடித்தந்தி தொளதொளக்கும். நான் 635-ஐ எடுத்தேன்.

நெக்: இங்கேதான் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டும்

உங்களுக்குப் பிடித்த கிதார் ஒன்று இருக்கும். உங்களுடையதோ நண்பருடையதோ, கையில் எடுத்தவுடன் கை அடங்கி உட்காரும். வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு அதனிடம் போங்கள். முதல் ஃப்ரெட்டில் தடிமன், 12-ஆம் ஃப்ரெட்டில் தடிமன், நட் அகலம், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டில் 20-இலிருந்து 23 மில்லிமீட்டர், 12-இல் 22-இலிருந்து 25, இந்த எல்லைக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கைக்கு வேறு வாத்தியமாகவே தெரியும்.

பின்பக்க வளைவை எண்ணால் சொல்ல முடியாது. சி, டி, வி என்று எழுத்தால் சொல்கிற வழக்கம் உண்டு, ஆனால் ஒருவரின் சி இன்னொருவருக்கு டி. நான் செய்தது இது. ஒரு ஜாண் நீள ஈய சால்டர் கம்பியை எடுத்து, நெக்கின் பின்னால் முதல் ஃப்ரெட்டுக்கு நேரே வைத்து விரலால் அழுத்தி வளைத்தேன். அப்படியே கழற்றி, தாளில் படுக்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். 12-ஆம் ஃப்ரெட்டிலும் அதேபோல. அந்த இரண்டு பென்சில் கோடுகளைத்தான் கிதார் செய்பவரிடம் கொடுத்தேன். அட்டையில் அதே வளைவை வெட்டி, இழைக்க இழைக்க வைத்துப் பார்த்து அவர் நெக்கை முடித்தார். கையில் வாங்கியபோது முன்பே பழகிய நெக் மாதிரி இருந்தது.

ஃபிங்கர்போர்டின், அதாவது விரல் அழுத்தும் பலகையின், மேல்வளைவு அடுத்தது. பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம். வளைவு அதிகம், கார்டு பிடிக்க சுகம். ஆனால் தந்தியைக் குறுக்கே இழுக்கும்போது அது மேட்டைக் கடந்து அடுத்த ஃப்ரெட்டில் உரசி ஓசை அடைத்துவிடும். நான் சொன்ன 'பாதியில் சாகிற' சத்தம் அதுதான். கிப்சனின் 12 அங்குலம் இன்னும் தட்டை. நட் பக்கம் 10-இல் ஆரம்பித்துக் கடைசி ஃப்ரெட்டில் 16-க்குப் போகும் கூட்டு ஆரம் என் தேர்வு.

விளிம்பு பற்றி யாரும் கேட்பதில்லை. முதல் தந்திக்கும் ஃபிங்கர்போர்டு விளிம்புக்கும் நடுவே வழக்கமாக 3 மில்லிமீட்டர் விடுவார்கள். முதல் தந்தியில் வெளிப்பக்கமாக அசைக்கும் பழக்கம் இருந்தால் 4 கேளுங்கள். என் பழைய தொல்லை இந்த ஒரு மில்லிமீட்டரில் தீர்ந்தது.

நெக் பாடியோடு சேரும் விதம் மூன்று. 1950-இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த கிதாரில் நெக் ஸ்க்ரூவால் பூட்டியிருந்தது. 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் பசையால் ஒட்டியது. மூன்றாவது, நெக் மரமே பாடியின் நடுவழியாக அடிவரை ஓடுவது. சத்தத்தில் எது உயர்த்தி என்று சண்டை போடலாம். நான் ஸ்க்ரூ முறையைச் சொல்வது வேறு காரணத்துக்காக. நம் தட்பவெப்பத்தில் பத்து வருடம் கழித்து நெக் கோணம் சற்று மாறினால், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மெல்லிய தகடு ஒன்றை வைத்துச் சரிசெய்துவிடலாம். ஒட்டிய நெக்கில் அது பெரிய அறுவைச் சிகிச்சை.

ஃப்ரெட்

வீணையில் மெட்டு என்கிறோமே, அதன் வேலைதான். வீணையில் மெழுகுக் கலவையில் பதித்த 24 மெட்டுகள் உயரமாக நிற்கும், விரல் மரத்தைத் தொடாது. அதனால்தான் ஒரே மெட்டில் மூன்று நான்கு ஸ்வரம் இழுக்க முடிகிறது. கிதாரில் இதற்கு இரண்டு வழி. ஒன்று உயரமான ஃப்ரெட். டன்லப் 6105 என்ற எண்ணில் கிடைக்கும் கம்பி சுமார் 2.3 மில்லிமீட்டர் அகலம், 1.4 உயரம். இரண்டாவது, ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குழிப்பது. ராக் கிதார் கலைஞர்கள் ரிச்சி பிளாக்மோர், இங்வே மால்ம்ஸ்டீன் வாசிப்பது அப்படிப்பட்ட நெக்கில்தான். முழுக்கக் குழித்தால் கார்டு அழுத்தும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். ஆகவே உயரமான ஃப்ரெட்டை எல்லா இடத்திலும் வைத்துக்கொண்டு, 12-க்கு மேல் மட்டும் லேசாகக் குழிக்கச் சொன்னேன்.

உலோகம் என்ன? வழக்கமானது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைவிடக் கடினம், தேயாது, தந்தி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேலை செய்பவரின் அரத்தைத் தின்றுவிடும் என்பதால் கூலி கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள். கமகம் வாசிப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது.

ஃப்ரெட் இடங்களை நீங்களே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட். 635-க்கு 35.64 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது, 33.64. இப்படியே போனால் 12-ஆவது சரியாகப் பாதியில், 317.5-இல் வந்து நிற்க வேண்டும். குறிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் தவறு கூடிக்கொண்டே போகும்.

பிரிட்ஜ், நட், டியூனர்

கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு தந்தியை இழுத்தால், ஸ்ப்ரிங் விட்டுக்கொடுத்து, மற்ற ஐந்து தந்திகளும் சற்று இறங்கும். ராக் லீடில் இது தெரியாது. அடித்தந்தியை சுருதிக்காக ஒலிக்கவிட்டு மேல் தந்தியில் கமகம் பிடித்துப் பாருங்கள், ஷட்ஜமே ஆடும். ஆகவே பாடியில் அசையாமல் பூட்டிய ஹார்டெயில் பிரிட்ஜ்தான். ஸ்டீல் சேடில், ஆறும் தனித்தனியாக முன்னும் பின்னும் நகர வேண்டும்.

சுருதியை ஒரேயடியாகக் கீழே இறக்கும் டைவ் பாம்ப் வேண்டும் என்பவர்களுக்கு ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமலோ இருக்கிறது. நட்டிலும் பிரிட்ஜிலும் தந்தியைப் பூட்டுவதால் சுருதி நிற்கும், ஆனால் அதற்குப் பாடியில் ஆழமாகக் குழி எடுக்க வேண்டும், தந்தி மாற்றப் பொறுமை வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரு விதி. பிரிட்ஜும் டியூனரும் (தந்தியை முறுக்கும் சாவி) பிக்கப்பும் கைக்கு வந்து, காலிப்பரால் அளந்து பார்க்கும்வரை மரத்தில் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். இணையத்தில் போட்டிருக்கும் அளவும் பெட்டியில் வரும் பொருளும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் போதும், குழி வீணாகும். பிரிட்ஜின் உயரம்தான் நெக் கோணத்தையும் தீர்மானிக்கிறது. தட்டையான ஹார்டெயிலுக்குக் கோணம் வேண்டாம். டியூனோமேட்டிக் வகை உயரமாக நிற்பதால் நெக்கைச் சில டிகிரி பின்னால் சாய்க்க வேண்டும்.

நட் சின்னப் பொருள்தான், ஆனால் தந்தியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பள்ளத்துக்குள் தந்தி நழுவிப் போய்த் திரும்ப வர வேண்டும். சிக்கினால் சுருதி போயிற்று. எலும்பு நட், பள்ளம் தந்தியைவிட ஒரு மயிரிழை அகலம், உள்ளே கொஞ்சம் பென்சில் கரி. நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் டியூனர்களைத் தந்தி நேர்க்கோட்டில் போகும்படி அடுக்கினால் சிக்கல் பாதி குறையும். டியூனரில் தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் வகை எடுங்கள். தந்தியைப் பல சுற்றுச் சுற்ற வேண்டியதில்லை, சுற்று குறைந்தால் நழுவலும் குறையும். ஜப்பானின் கோட்டோ, ஜெர்மனியின் ஷாலர் இரண்டும் நம்பகமானவை.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் வீடு கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து சேடில் ஸ்க்ரூக்களைத்தான் முதலில் தின்னும், அப்புறம் ஹெக்ஸ் கீ வழுக்க ஆரம்பிக்கும். சேடில் ஸ்க்ரூ, பிக்கப் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸில் கேட்டு வாங்குங்கள். தங்க முலாம் கை படும் இடத்தில் சீக்கிரம் போய்விடும்.

பிக்கப்

மாடல் பெயரைவிட இடம் முக்கியம். நெக் பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஸ்கேல் நீளத்தின் கால் பங்கில் உட்காரும்போது அந்தக் குழைவான, வட்டமான நாதம் கிடைக்கிறது. 635-க்கு அது சுமார் 159 மில்லிமீட்டர். 24-ஆம் ஃப்ரெட் வரவேண்டிய இடமும் அதுவே. ஆகவே 24 ஃப்ரெட் கேட்டால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப்போகும், நாதம் சற்று மெலியும். கடைசி இரண்டு ஃப்ரெட்களை எத்தனை முறை தொடுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நான் 22-இல் நிறுத்தினேன்.

கிப்சனில் 1950-களில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயிலால் மின்சார இரைச்சலைக் கழித்துவிடுகிறது. நம் ஊரில் அந்த இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் சிங்கிள் காயில் வைத்து வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு தொந்தரவு என்று தெரியும். சிங்கிள் காயிலின் பளிச்சென்ற ஓசை அவசியம் என்றால் பிக்கப் குழி முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் சரிபார்க்க வேண்டும்.

நான் நெக்கில் ஆல்னிகோ 2 காந்த ஹம்பக்கர் வைத்தேன். காந்தம் மென்மையானது, கமகத்தின் ஆரம்ப அடியை உருட்டித் தருகிறது. பிரிட்ஜில் ஆல்னிகோ 5. இரண்டுக்கும் 500 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் திருகு), டோனுக்கு 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சிங்கிள் காயில் மட்டும் என்றால் 250 கிலோ ஓம் எடுங்கள், இல்லாவிட்டால் காதைக் குத்தும். பாடி மரத்தை மாற்றினால் கேட்கும் வித்தியாசத்தைவிட, பிக்கப் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் கேட்கும் வித்தியாசம் பெரிது. என் காதுக்கு இதில் சந்தேகமே இல்லை.

முழு அளவில் வரையுங்கள்

சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டி, நிஜ அளவில் வரையுங்கள். நடுக்கோடு முதலில். அதன் மேல் நட், 12-ஆம் ஃப்ரெட், சேடில் இடம். முதல் தந்தியின் சேடில் கணக்கிட்ட நீளத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் போலவும், ஆறாம் தந்தி நான்கைந்து மில்லிமீட்டரும் பின்னால் போகும். அந்த நகர்வுக்கு பிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துவிடும். தந்தி இடைவெளியையும் கோடாகப் போட்டால் பிக்கப் முனைகள் தந்திக்கு நேரே வருகின்றனவா என்பதும் தெரியும். என் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் நடுவே 52.5 மில்லிமீட்டர். அதனால் பிரிட்ஜ் பிக்கப் அகல வகை, நெக் பிக்கப் 50 மில்லிமீட்டர் வகை.

பாடி வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, மடியில் வைத்துப் பாருங்கள், பெல்ட்டில் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். மேல் கொம்பின் முனை 12-ஆம் ஃப்ரெட் வரை நீண்டால் நெக் கீழே சாயாது. நான் மூன்று அட்டைகளை வீணாக்கினேன். மூன்றாவதில்தான் வலது முழங்கை படும் இடத்தில் எவ்வளவு சரிக்க வேண்டும் என்று புரிந்தது.

இப்போது மரம்

இந்தப் பகுதிக்காகவே பலர் கஸ்டம் கிதார் செய்ய ஆசைப்படுகிறார்கள், எனக்கும் அந்த ஆசைதான். எலக்ட்ரிக் கிதாரில் பிக்கப் கேட்பது தந்தியின் அசைவை. மரம் அதைக் கொஞ்சம் மாற்றலாம், ஆனால் பிக்கப், ஸ்கேல், தந்தி இவற்றின் அளவுக்கு இல்லை. ஆகவே எடை, விறைப்பு, நிலைத்தன்மை, அழகு என்ற நான்குக்காக மரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

வெளிநாட்டுக் கிதார்களில் வரும் மரங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆல்டர் கன மீட்டருக்குச் சுமார் 450 கிலோ, பாஸ்வுட் அதைவிட லேசு, மகோகனி 590 பக்கம், கடின மேப்பிள் 700. தேக்கு 650-ஐ ஒட்டி வரும். என் முதல் கிதாரின் எடைக்குக் காரணம் இந்த ஒரு எண்தான்.

மரவாடிக்குப் போகும்போது மூன்று பொருள் கொண்டுபோங்கள்: டேப், பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு, ஊசி வைத்த ஈரமானி. பலகையின் நீளம், அகலம், தடிமனை மீட்டரில் பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 52 சென்டிமீட்டர் நீளம், 36 அகலம், 4.5 தடிமன் உள்ள பலகையில் வெட்டி, குழி எடுத்து முடிக்கும்போது பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். மகோகனியில் அந்தப் பலகை 5 கிலோ என்றால் பாடி 2.6 கிலோ போல நிற்கும். நெக், டியூனர், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேர்ந்து இன்னும் ஒன்றரைக் கிலோ. மொத்தம் 3.5 கிலோவுக்குள் வேண்டும் என்றால் பலகை 4 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே வெற்றறைகள் குடைய வேண்டும்.

நான் போன மரவாடியில் மகோகனிப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரே பெயர், ஒரே அளவு, ஆனால் தூக்கிப் பார்த்தால் ஒன்று 4.3 கிலோ, பக்கத்தில் இருந்தது 5.4. நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் மகோகனியில் இப்படி நிறைய ஏற்ற இறக்கம் இருக்கும். லேசானதை எடுத்து, முனையில் ஒரு விரற்கடை அறுத்துத் தரச் சொன்னேன். புது வெட்டில் தண்ணீரைத் தடவியதும் சாம்பல் பூத்திருந்த மரம் செம்பழுப்பாக எழுந்தது. ஓரத்தில் வெளுத்த மென்மரம் இல்லை, உள்ளே முற்றிய வைரம் மட்டும்தான். பலகையை ஒரு முனையிலிருந்து கால் பங்கு தூரத்தில் இரு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று வந்தது. உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மட்டையாக இருக்கும். எலக்ட்ரிக் கிதாருக்கு அந்தத் தட்டலின் பயன் அவ்வளவுதான், விரிசலைக் கண்டுபிடிக்க.

மேல் முகப்புக்கு 6 மில்லிமீட்டர் பலா. தஞ்சாவூர் வீணை பிறக்கும் மரம். இழைத்த அன்று மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகத் தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பேறும். கடையில் வாங்கும் கிதாரில் எனக்கு அது கிடைத்ததில்லை. ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல விரித்து ஒட்டினால் வரிகள் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி சேரும்.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரத்தை உலகம் முழுக்கக் கிதார் செய்பவர்கள் இந்தியன் ரோஸ்வுட் என்று கேட்டு வாங்குகிறார்கள். சட்டப்படி வெட்டிய மரமா என்று கேட்டு, ரசீதோடு மட்டும் வாங்குங்கள். 2017-இல் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. முடிந்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தாலும், பலகையாக எல்லை தாண்டினால் தாள் கேட்பார்கள். ஈட்டியிலும் தேக்கிலும் எண்ணெய்ப் பசை அதிகம், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அறுக்கும்போது தூள் மூச்சுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

நெக் மரத்தில் பெயரைவிட வெட்டு முக்கியம். முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மரம் ஈரத்தில் வளையத்தின் போக்கில் விரிவது, அதன் குறுக்கே விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் நெக் மூன்று பட்டைகளை ஒட்டியது, நடுப்பட்டையைத் திருப்பிப் போட்டு. ஒன்று முறுக்க நினைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். உள்ளே, நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்ய, இரு பக்கமும் வேலை செய்யும் ட்ரஸ் ராடு என்ற உலோகக் கம்பி.

ஈரம்தான் நம் ஊரில் மிகப் பெரிய விஷயம். காற்றில் ஈரப்பதம் 45 சதவீதம் இருந்தால் மரம் 8 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். சென்னைக் காற்றில் 75 என்றால் மரத்துக்குள் 14-ஐ நெருங்கும். மழைக்காலத்தில் 14-இல் செய்த நெக்கை ஏ.சி. அறையில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை என் விரல் அறியும். கிதார் எங்கே வாழப்போகிறதோ அந்த அறையில் மரத்தை இரண்டு மாதமாவது அடுக்கி வையுங்கள், நடுவே மரக்குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக. ஈரமானி மூன்று வாரம் ஒரே எண்ணைக் காட்டினால் வேலை ஆரம்பிக்கலாம். நெக்கை முரட்டு அளவில் வெட்டிவிட்டு இரண்டு வாரம் விட்டு, அது வளைய நினைத்த அளவு வளைந்தபின் மறுபடி இழைத்து நேராக்குவது நல்ல ஆசாரிகள் எல்லோரும் செய்வதுதான்.

பூச்சு

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அழகாக முதுமை அடையும். ஆனால் மழைநாளில் அடித்தால் உள்ளே ஈரம் சிக்கி வெள்ளை பூத்துவிடும். பங்குனி, சித்திரைக்குத் தள்ளிவைக்க முடியாவிட்டால் பி.யூ. (பாலியூரிதேன்) போதும், மெல்லியதாக. நெக்கின் பின்பக்கம் பளபளப்பு வேண்டாம், வியர்த்த கையில் ஒட்டும். ஆயில் அல்லது சாட்டின். ஈட்டிக்குப் பூச்சே தேவையில்லை.

எழுதிக் கொடுப்பதும் சரிபார்த்து வாங்குவதும்

இதுவரை எடுத்த முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு வித்தியாசம் ஏற்கலாம் என்பதும் இருக்கட்டும். 'நெக் முதல் ஃப்ரெட்டில் 21 மி.மீ., 0.3 கூடலாம் குறையலாம். மொத்த எடை 3.5 கிலோ, 150 கிராம் கூடலாம்.' இப்படி எழுதினால் இரு பக்கமும் மனக்கசப்பு வராது. பணத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: மரம் முடிவானதும் ஒன்று, ஃப்ரெட் அடித்ததும் ஒன்று, கையில் வாங்கும்போது மீதி. பூச்சுக்கு முன்னால் ஒரு முறை தந்தி மாட்டி வாசித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். நெக் வளைவைத் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு. ஊரில் கைகாரர் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் வார்மத் போன்ற நிறுவனங்கள் நீங்கள் சொல்லும் அளவில் நெக்கையும் பாடியையும் தனித்தனியே செய்து அனுப்புகின்றன, பூட்டுவதும் செட்டப்பும் உங்கள் வேலை.

வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அடித்தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டில் தந்திக்குக் கீழே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் நெக் சரி. ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை மூன்று ஃப்ரெட்களின் மேல் வைத்து அசைத்தால் எங்கே ஆடுகிறதோ அங்கே நடு ஃப்ரெட் உயரம். 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் முதல் தந்திக்கு 1.5 மில்லிமீட்டர், ஆறாம் தந்திக்கு 1.8 போல. அப்புறம் 15-ஆம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியையும் ஒன்றரை ஸ்வரம் இழுத்து, விடாமல் ஐந்து வினாடி கேளுங்கள். சத்தம் அடைந்தால் அங்கேயே சொல்லுங்கள். விளிம்பில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், எதுவும் தட்டக் கூடாது.

முதல் மாதம் நெக் தந்தியின் இழுப்புக்கும் புது அறைக்கும் பழகும். இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் விசிட்டிங் கார்டு சோதனையைத் திரும்பச் செய்து, தேவைப்பட்டால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள், ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். மரம் அறுத்ததில் மிஞ்சிய பலாவிலும் ஈட்டியிலும் ஒரு விரல் நீளத் துண்டைக் கேட்டு வாங்கி, தேதியும் அன்றைய ஈரமும் எழுதி கேஸுக்குள் போட்டு வையுங்கள். பின்னால் எப்போதாவது முனை உடைந்தால் ஒட்டுப்போட அதே பலகையின் மரம் கையில் இருக்கும்.